மணிக்கு, நோட்டீஸ் விஷயமாக

அன்புள்ள மணி,

பதில் தாமதம்தான். ஏசுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம், அம்மைக்கு முட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. கொச்சப்பி இன்னும் அதே பைக்கில்தான் திரிகிறான், காரணமும் அதேதான்.

உன் இதழில் வந்த கதையில் கெட்ட வார்த்தை இருக்கிறது என்று போலீஸ் நோட்டீஸ் வந்ததைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் ஐந்து பக்கம் புலம்பல். எடே, நெய்யாற்றின்கரையில் குடியிருந்துகொண்டு இப்படிப் பயப்படலாமா? உங்க ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை 1910-ல் அச்சகத்தைப் பறிமுதல் செய்து திருநெல்வேலிக்கு நாடுகடத்தினார்கள். உனக்கு வந்திருப்பது ஒரு தாள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதைத் தவிர மற்றதெல்லாம் எழுதியிருக்கிறாய். கேரள எல்லைக்கு எந்தப் பக்கத்து ஸ்டேஷன் என்றுகூட இல்லை. அந்தப் பக்கம் என்றால் வழக்கை ரத்து செய்ய எர்ணாகுளத்து உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், இந்தப் பக்கம் என்றால் மதுரைக் கிளை.

நோட்டீஸின் தலைப்பில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 35(3) என்று இருக்கிறதா பார். பழைய 41ஏ ஆக்கும் அது. விசாரணைக்கு வா என்றுதான் அர்த்தம். சொன்ன நாளில் போய் நின்றால் கைது செய்யத் தேவையில்லை. செய்வதானால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். போகாமல் இருந்தால்தான் வம்பு.

பிறகு பிரிவு. அச்சு இதழுக்கு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 294, அதாவது பழைய 292. முதல் தடவைக்கு 2 வருஷம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், ஜாமீனில் வரலாம். அதே கதையை இணையத்தில் ஏற்றியதற்கு என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அதாவது ஐடி சட்டம் 67: 3 வருஷம் வரை, 5 லட்சம் வரை. அதற்கும் ஜாமீன் உண்டு. வெளிப்படையான பாலியல் காட்சிக்கான 67ஏ என்று போட்டிருந்தால் மட்டும் ராத்திரி என்று பார்க்காமல் போன் பண்ணு. அது 5 வருஷம், 10 லட்சம். ஜாமீனுக்கு நீதிமன்றத்தின் தயவு வேண்டும். இன்னொன்று, ஐடி சட்டக் குற்றத்தை இன்ஸ்பெக்டருக்குக் கீழே உள்ளவர் விசாரிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 78-வது பிரிவு சொல்கிறது. கையெழுத்து எஸ்.ஐ.யுடையதாக இருந்தால் சந்தோஷப்படு.

இனி கதை. படித்தேன். ரப்பர் வெட்டுகிறவன் கூலி பாக்கிக்காக முதலாளி வீட்டு நடையில் நின்று தெறி பேசுகிறான். ஒரே பத்தி, நாலு வசவு, எல்லாம் அம்மை வழியில். மாஸ்டருக்குப் பிடிக்காது, எனக்கும் அந்த மூன்றாவது வசவு தேவையா என்று ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அது ருசி பற்றிய சண்டை. சட்டம் கேட்கும் கேள்வி வேறு: படிக்கிறவனுக்கு இது காமத்தைக் கிளப்புமா? சேர வேண்டிய கூலிக்காக வயிறெரிந்து கத்துகிறவனின் வாயில் எங்கே காமம்?

2024 மார்ச்சில் அபூர்வா அரோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஒரு இந்தி வெப் சீரிஸில் இளவட்டங்கள் பேசும் கெட்ட வார்த்தைக்காக 67, 67ஏ போட்டிருந்தார்கள். டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி இயர்போன் மாட்டித்தான் அதைப் பார்க்க முடிந்தது என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தார். உச்ச நீதிமன்றம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வசவின் அகராதிப் பொருளைப் பிடித்துத் தொங்காதே, பேசுகிறவன் கோபத்திலும் எரிச்சலிலும் பேசுகிறான், கொச்சை என்பதாலேயே ஆபாசம் ஆகிவிடாது என்று வழக்கையே ரத்து செய்தது. 1985-ல் சமரேஷ் போஸ் வழக்கிலும் கொச்சை வேறு, ஆபாசம் வேறு என்றே சொல்லியிருக்கிறார்கள்.

பழைய அளவுகோல்தான் கொடுமை. 1868-ல் இங்கிலாந்தில் வந்த ஹிக்ளின் தீர்ப்பு: எளிதில் கெட்டுப்போகக் கூடிய மனசுக்காரன் கையில் இது கிடைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கச் சொன்னது. பம்பாய்ப் புத்தகக் கடைப் பங்குதாரர் ரஞ்சித் உதேஷிக்கு, ஆபாசப் புத்தகம் விற்றார் என்று விதித்த அபராதம் 20 ரூபாய். அந்த 20 ரூபாய் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முன் போய், 1964-ல் ஹிக்ளின் நம் நாட்டிலும் உறுதியாயிற்று. புத்தகத்தை நான் படிக்கவே இல்லை என்ற வியாபாரியின் வாதமும் எடுபடவில்லை. அந்த அளவுகோலைக் கைவிட 2014 வரை ஆயிற்று. டென்னிஸ்காரர் போரிஸ் பெக்கர் தன் காதலியோடு ஆடையில்லாமல் நின்ற படம், நிறவெறிக்கு எதிரானது. கொல்கத்தா பத்திரிகை அதை 1993-ல் போட்டது, அவீக் சர்க்கார் வழக்கு முடிந்தது 2014-ல். இக்காலத்துச் சராசரி மனிதன், முழுப் படைப்பு, அதன் சூழல் என்று பார்க்க வேண்டும் என்று ஆனது. ஜெயித்தார்கள், சரி. இருபத்தொரு வருஷம் படி ஏறியதற்கு யார் கணக்குக் கொடுப்பது? பத்திரிகைக்காரனை அடக்க தண்டனை வேண்டாம், வாய்தாவே போதும்.

ஆகவே விசாரணைக்குப் போகும்போது அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகாதே. இதழ் முழுசாக, தலையங்கத்தோடு, வந்த வாசகர் கடிதங்களோடு கொடு. இலக்கியம், பொதுநன்மை என்ற விலக்கு 294-லும் உண்டு, 67-லும் உண்டு. நிரூபிக்கும் பொறுப்பு உன்னுடையது. போனைக் கேட்டால் பறிமுதல் பட்டியலும் ஹாஷ் மதிப்பும் (உள்ளே எதையாவது மாற்றினால் காட்டிக்கொடுக்கும் எண்) எழுதி வாங்கு. பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு சொல்கிறது. பயந்துபோய் இணையப் பக்கத்தை அழித்துவைக்காதே, சாட்சியை அழித்தான் என்று இன்னொரு பிரிவு சேரும்.

இவ்வளவும் விளையாட்டு, கேட்டியா. நான் உண்மையில் எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்கு.

உன் சானலில் போன வாரம் போட்ட போக்சோ வழக்குச் செய்தி. பிள்ளையின் பேரை மறைத்தாய், முகத்தை மங்கலாக்கினாய். பின்ன அந்தப் பள்ளிக்கூடத்து மஞ்சள் மதில்? அப்பன் கடையின் பலகை தெளிவாகத் தெரிகிறது, பாதி எழுத்துப் போதும். கீழே கமெண்டில் ஒருத்தன் தெருவையே எழுதிவிட்டான், நீ அதற்கு லைக் போட்டிருக்கிறாய். போக்சோ 23-வது பிரிவு பேரை மட்டும் தடுக்கவில்லை: முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் தெரியவைக்கும் வேறு எதுவும். தண்டனை 6 மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருஷம் வரை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எடிட் பண்ணின பையனோடு உரிமையாளனாகிய நீயும் சேர்ந்து பொறுப்பு. 'அப்பா அம்மா சம்மதிச்சாங்க' என்பது செல்லாது. பிள்ளையின் நன்மைக்கு என்று சிறப்பு நீதிமன்றம் எழுத்தில் அனுமதித்தால் மட்டும் வெளியிடலாம். 2018-ல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது.

இதிலே கருத்துச் சுதந்திரம் என்று என்னிடம் வராதே. பேச்சையும் எழுத்தையும் குற்றமாக்கிய ஐடி சட்டத்தின் 66ஏ-யோடு சேர்த்துக் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி)-யை 2015-ல் தூக்கியெறிந்தபோது நாம் இரண்டு பேரும் கொண்டாடினோம். 2020-ல் அதே மாதிரி 118ஏ அவசரச் சட்டம் வந்து சில நாளில் வாபஸானபோதும் கொண்டாடினோம். அது பெரியவர்கள் பேசும் உரிமை. இந்தப் பிள்ளை எதையும் வெளியிடச் சொல்லவில்லை.

மூலக் கோப்பை ஒரு பென் டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டு வீடியோவை இன்றே இறக்கு. ஷார்ட்ஸாக வெட்டிப் போட்டது, தம்ப்நெயில், டிஸ்கிரிப்ஷனில் உள்ள ஊர்ப் பேர், ஹாஷ்டேக், வாட்ஸப் குழுவில் நீயே பகிர்ந்தது எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும்; ஒவ்வொன்றாகத் தேடி எடு. உன் வீடியோவை எடுத்துப் போட்ட மற்ற இரண்டு சானலுக்கும் எழுது. செய்தி வேண்டுமென்றால் 'மாவட்டத்தில் ஒரு சிறுமி' என்ற அளவில் திரும்ப எழுது. கைதானவன் உறவினன் என்றால் அவன் பேரும் வேண்டாம், அந்த வழியாகவும் பிள்ளை தெரிந்துபோகும்.

நோட்டீஸின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. மாஸ்டரிடம் கதையைப் பற்றி வாயைத் திறக்காதே.

உன்,
தாசு