குறைத்த காரணத்தை எழுத்தில் தாருங்கள்: துறைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கும், தலைமை அலுவலகத்தில் வரவு செலவுத் திட்டப் பிரிவைக் கவனித்துவரும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

கொங்கு மண்டலத்தின் மாவட்ட அலுவலகம் ஒன்றில் பட்ஜெட் இருக்கையைப் பார்த்துவரும் உதவியாளர் எழுதும் மடல் இது. நம் துறையின் மாணவர் விடுதிகளுக்கான மின் கட்டணத் தலைப்பில், அதாவது அச்செலவுக்கென உள்ள தனிக் கணக்கில், நடைமுறைக்குப் பொருந்தாத மதிப்பீடு தயாரிக்கப்பட்டது ஏன் என்று தணிக்கைக் குழு எழுப்பிய வினாவைத் தாங்கள் அப்படியே எங்களுக்கு அனுப்பி, சம்பந்தப்பட்ட பணியாளரின் விளக்கத்தைப் பெற்று அனுப்பப் பணித்திருந்தீர்கள். விளக்கத்தை உரிய வழியில் அனுப்பிவிட்டேன். ஆனால் தணிக்கை சுட்டிக்காட்டிய தொகை நாங்கள் கேட்ட தொகை அன்று. தலைமை அலுவலகத்தில் குறைக்கப்பட்டு வந்த தொகை. எந்த அடிப்படையில் குறைக்கப்பட்டது என்பது எங்களுக்கு இன்றுவரை தெரிவிக்கப்படவில்லை. தெரியாத ஒன்றுக்கு விளக்கம் எழுதும்படி கேட்கப்பட்டதால்தான் இந்த மடலை எழுத நேர்ந்தது.

மதிப்பீடு எவ்வாறு உருவாகிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பணியிடங்களையும் சம்பளத்தையும் காட்டும் நம்பர் ஸ்டேட்மென்ட்டை அனுப்பி முடித்த கையோடு, ஒவ்வொரு விடுதியின் மின் அட்டையையும் வரவழைத்து, யூனிட் கணக்கைப் பார்த்து, மாணவர் எண்ணிக்கையைச் சரிபார்த்து, கட்டண உயர்வையும் சேர்த்துத்தான் தொகையை எழுதுகிறோம். 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தது. 2024 ஜூலையில் மேலும் 4.83 சதவீதம் உயர்ந்தது. இவற்றுக்கான கணக்குத் தாள்களை மதிப்பீட்டுடன் இணைத்தே அனுப்பினோம். திரும்பி வந்த ஒதுக்கீடோ முந்தைய ஆண்டின் உண்மைச் செலவை ஒட்டியே இருந்தது. அந்த உண்மைச் செலவு என்பது விடுதிக்குத் தேவைப்பட்ட தொகை அன்று, கொடுக்கப்பட்ட பணத்துக்குள் கட்ட முடிந்த தொகை. கட்ட முடியாத பட்டியல்கள் ஏப்ரலுக்குத் தள்ளப்பட்டு, அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டின் முதல் தவணையை விழுங்கிவிடுகின்றன. அந்த ஆண்டின் முடிவில் மீண்டும் பணம் போதாமல் போகிறது. நிலுவை கூடிக்கொண்டே போக, ஏட்டில் மட்டும் செலவு கட்டுக்குள் இருப்பதாகத் தெரிகிறது. இந்தச் சுழலை மதிப்பீட்டுக் குறிப்பிலேயே நாங்கள் விளக்கியிருக்கிறோம்; அதைப் படித்ததற்கான அடையாளம் எதுவும் எங்களுக்கு வந்து சேரவில்லை.

இதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தாளவாடிப் பகுதியில் உள்ள விடுதி ஒன்றின் காப்பாளர் கோப்பொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மின் இணைப்பைத் துண்டிப்பதாக அறிவிப்பு வந்ததும், துண்டித்தால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடாது, பிள்ளைகளுக்குக் குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர் இருக்காது என்பதால், அவர் தம் சம்பளப் பணத்திலிருந்தே கட்டணத்தைக் கட்டியிருக்கிறார். ஒரு முறை மட்டும் அன்று. ரசீதுத் தாளில் மை மங்கிவிடும் என்று ஒவ்வொன்றையும் ஜெராக்ஸ் எடுத்து, அசலையும் நகலையும் சேர்த்துப் பின் அடித்து, தேதி வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். தலைப்பில் இருப்பு இல்லாத நிலையில் அந்தப் பட்டியலைக் கருவூலத்துக்கு அனுப்ப வழியே இல்லை. "அடுத்த அலாட்மெண்ட்ல பார்த்துக்கலாங்க" என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஓர் அரசு விடுதியின் மின் கட்டணத்தைக் காப்பாளரின் குடும்பம் சுமப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கது அன்று. இதைத் தங்களிடம் சொல்லாமல் இருப்பதும் தவறு என்றே கருதுகிறேன்.

இதே ஆண்டு மார்ச் மூன்றாம் வாரத்தில், நாங்கள் கேட்டிராத தளவாடத் தலைப்பில் கூடுதல் ஒதுக்கீடு வந்தது. அதில் ஒரு பகுதியை மின் கட்டணத்துக்கு மறு ஒதுக்கம் செய்து தருமாறு அன்றே கருத்துரு அனுப்பினோம். மார்ச் 31 வரை பதில் இல்லாததால் தொகையைச் செலவிடாமல் அரசிடமே திருப்பி ஒப்படைத்தோம். தலைப்பு மாற்றிச் செலவிடும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, இருக்கவும் கூடாது. சட்டப்படி ஒதுக்கப்பட்ட பணத்தை, ஒதுக்கப்பட்ட காரியத்துக்கு மட்டுமே அரசின் வருவாய் சேரும் தொகுநிதியிலிருந்து எடுக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 266ஆம் கூறு சொல்வதை மதித்தே இந்த இருக்கையில் வேலை செய்கிறோம். ஒரே விடுதியின் கணக்கில் ஒரு தலைப்பில் மிகுதியும் இன்னொரு தலைப்பில் நிலுவையும் நிற்கும்போது, அதற்கான கேள்வி மட்டும் எங்கள் பெயருக்கு வருவது எந்த முறையில் சேர்த்தி?

எங்கள் மாவட்டத்துக்கு மட்டுமான குறையும் அன்று இது. மாநில நிதிநிலை பற்றிய இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகள், செலவழியாத மிகுதியையும் மார்ச் மாதத்தில் குவியும் செலவையும் மீண்டும் மீண்டும் சுட்டுகின்றன. நிதியாண்டின் இறுதி மாதங்களில் செலவை அவசரமாகக் குவிப்பது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் சொல்கின்றன. சோமனூர் விசைத்தறிக்காரரும் திருப்பூர்ப் பனியன் கம்பெனித் தொழிலாளியும் தாங்கள் வாங்கும் பொருள்களுக்கு வரி கட்டுகிறார்கள். அந்தப் பணம் உரிய காலத்தில் உரிய இடத்துக்குப் போகவில்லை என்றால் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம் அனைவருமே. மதிப்பீட்டு ஆய்வுக் கூட்டத்துக்கு ஏடுகளைச் சுமந்துகொண்டு சேரன் விரைவு வண்டியில் சென்னைக்கு வருகிற பணியாளர்களை உட்காரவைத்து, ஒரு தலைப்பைப் பற்றியாவது கேட்டிருந்தால் இந்த மடலுக்குத் தேவை இருந்திருக்காது. கேட்கவில்லை, நடைகூடத்தில் காத்திருந்துவிட்டு, தொகை வெட்டப்பட்ட தாளை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். மாநிலத்தின் நிதி நெருக்கடி எங்களுக்கும் தெரியும். கேட்டதெல்லாம் கிடைக்க வேண்டும் என்று நாங்கள் கோரவில்லை. கீழ்பவானிப் பாசனத்தில் தண்ணீர் குறைவான ஆண்டில்கூட, எந்த மதகுக்கு எப்போது தண்ணீர், எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். விவசாயி அதற்கேற்ப நாற்று விடுவதா, நிலத்தைப் போட்டு வைப்பதா என்று முடிவு செய்கிறார். அந்த அளவு தகவலைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

ஆகவே, எங்கள் மதிப்பீட்டில் எந்தச் செலவினத்தைக் குறைத்தாலும், குறைப்புக்கான காரணத்தையும் குறைத்த அலுவலரின் ஒப்பத்தையும் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஒதுக்கீட்டு ஆணையின் இணைப்புப் பட்டியலில் ஒரு பத்தியைக் கூட்டினால் போதும். புதிய அரசாணை எதுவும் வேண்டியதில்லை. மின் கட்டணம் போன்ற தவிர்க்க முடியாத இனங்களில் குறைக்கும் முன் மாவட்ட அலுவலகத்திடம் ஒரு முறை கேளுங்கள். பட்டியல்கள் யாவும் கணினி வழியே செல்லும் இந்நாளில், எந்தத் தலைப்பில் எவ்வளவு இருப்பு என்பது தங்கள் மேசையிலேயே தெரிகிறது. மறு ஒதுக்கக் கருத்துருக்களுக்கு, இசைவோ மறுப்போ, பிப்ரவரி முடிவதற்குள் பதில் அளியுங்கள். அதற்கு வசதியாகக் கருத்துருக்களை ஜனவரியிலேயே அனுப்பிவைக்க நாங்கள் தயார்.

இவ்வாண்டின் திருத்திய மதிப்பீட்டிலிருந்தே இம்முறையைத் தொடங்க வேண்டும் என்றும், மலை விடுதியின் காப்பாளர் கையிலிருந்து கட்டிய தொகையை அவருக்குத் திருப்பித் தருவதற்கான சிறப்பு ஒதுக்கீட்டை அதே மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய ரசீதுகளின் நகல்கள் எங்கள் அலுவலகக் கோப்பில் உள்ளன. கேட்ட அன்றே அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரவு செலவுப் பிரிவு உதவியாளர்,
மாவட்ட அலுவலகம், கொங்கு மண்டலம்.