பிப்ரவரியில் ஓக் மரத்தில் கை வைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கும் டெக்சாஸ் வாழ் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆஸ்டின் பகுதியில் வீடு வாங்கும் நம்மவர் பலருக்கு, முற்றத்தில் நிற்கும் லைவ் ஓக் மரமும் வீட்டோடு சேர்ந்தே கிடைக்கிறது. குளிர்காலம் முழுவதும் பச்சையாக நின்று, வசந்தம் தொடங்கும்போது பழைய இலைகளைக் கொட்டி உடனே துளிர்க்கும் இந்த மண்ணின் மரம் அது. அந்த இலையுதிர்வைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது கவாத்துக்குத்தான்.

பொங்கல் முடிந்த கையோடு தோட்டத்தைச் சீர்செய்யும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் பிப்ரவரி முதல் ஜூன் முடிய ஓக் கிளைகளை வெட்டக் கூடாது. வெட்டுக்காயத்தில் கசியும் சாற்றை நாடி வரும் சிறு வண்டுகள், ஓக் வாடல் நோயை உண்டாக்கும் பூஞ்சையைச் சுமந்து வருவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். மற்ற மாதங்களில் வெட்டினாலும், வெட்டிய உடனேயே காயத்தில் பெயின்ட் பூசிவிட வேண்டும்.

இது தெரியாமல் ஒரு மார்ச் மாதத்தில் ஆள் வைத்து எங்கள் மரத்தின் தாழ்ந்த கிளைகளை வெட்டச் சொன்னது நான்தான். மறு ஆண்டு உதிர்ந்த இலையொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, நரம்புகள் மட்டும் பழுப்பேறி, அவற்றின் இடையே பச்சை அப்படியே இருந்தது. அதுதான் ஓக் வாடல் நோயின் அடையாளம். அருகருகே நிற்கும் லைவ் ஓக் மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், எங்கள் மரத்தோடு பக்கத்து வீட்டு மரமும் பட்டுப்போனது. அந்த வீட்டு மூதாட்டியின் முகத்தைப் பார்க்க இன்றும் கூசுகிறது.

புதிதாகக் கன்று நடுவோர், வெயில் தணிந்த இலையுதிர் காலத்தில் நடுவது நல்லது. வேர் பிரியும் அடித்தண்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஈரம் காக்க மண்மேல் பரப்பும் இலை, மரச்சீவல் மூடாக்கைத் தண்டின் மேல் குவிக்காமல், சற்று விலக்கிப் பரப்ப வேண்டும். புல்தரைக்குத் தெளிக்கும் நீர் கன்றுக்குப் போதாது. முதல் இரண்டு, மூன்று கோடைகளில் வேர்வரை இறங்கும்படி மெதுவாக, நிறைய ஊற்ற வேண்டும்.

1989-ஆம் ஆண்டு ஒருவன் நஞ்சிட்ட, பல நூற்றாண்டு வயதுடைய ட்ரீட்டி ஓக் மரத்தின் ஒரு பகுதியையேனும் போராடிக் காப்பாற்றிய ஊர் ஆஸ்டின். அந்த ஊரில் குடியேறிய நாம் அறியாமையால் மரங்களை இழப்பது வேதனை தருகிறது. ஆகவே, பிப்ரவரி பிறக்கும் முன்பே இக்கடிதத்தை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆஸ்டின் வாசகர்