அப்பா பக்கத்தில் அந்த இடம்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

லீட்ஸுக்கே வந்துவிடுங்கள் என்று போன வாரமும் கூப்பிட்டாய். வருகிறேன் ராசாத்தி. ஆனால் இந்த வீட்டை விற்கும் முன்னால் ஒரு வேலை முடியவேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், அதனால் எழுதுகிறேன்.

அப்பாவை அடக்கம் பண்ணின அன்று குழியில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊறி நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? இந்த நார்ஃபோக் தாழ்வு மண்ணில் இரண்டு பேருக்கு ஆழமாகத் தோண்ட முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். பக்கத்து இடத்தை உங்களுக்கு வைத்துக்கொள்கிறோம் என்று அப்போதிருந்த குருவானவர் என் கையைப் பிடித்துச் சொன்னார், நானும் அதை நம்பி ஒன்பது வருடம் இருந்துவிட்டேன். இப்போது விசாரித்தால் அந்த வாய்வார்த்தை சட்டத்தில் செல்லாதாம், அடுத்து வருகிறவரை அது கட்டுப்படுத்தாதாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

இங்கிலாந்து சபையின் சட்டப்படி இந்த ஊரில் குடியிருக்கிற யாரையும், எந்த மதமானாலும், கல்லறைத் தோட்டத்தில் இடம் இருக்கிறவரை அடக்கம் பண்ண உரிமை உண்டு. ஆனால் எந்த இடம் என்பதைக் குருவானவர்தான் சொல்வார். இன்ன இடம்தான் வேண்டும் என்றால் பிஷப்பின் எல்லைக்குட்பட்ட சபை நீதிமன்றமான திருமண்டல நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு, அதன் நீதிபதியான சான்சலரிடம் ‘ஃபேகல்ட்டி’ என்கிற அனுமதி வாங்கவேண்டும். நான் லீட்ஸில் இருந்து கண்மூடினால் இந்த ஊர்க்காரி என்கிற உரிமையும் போய்விடும். ஃபேகல்ட்டி கையில் இருந்தால் எங்கே இருந்தாலும் அந்த ஆறடி எனக்கு.

காசு கட்டி வாங்கிவிடலாமே என்று கேட்பாய். மண் விற்பனைக்கு இல்லை, நாம் கட்டுவது மனுவுக்கான கட்டணம்தான். ஒதுக்குவதும் என்றைக்குமாக இல்லை, இத்தனை வருடம் என்று சான்சலர் எழுதிக் கொடுப்பார். அப்புறம், இடம் குறைந்துபோன ஊர்களில் இனி ஒதுக்கீடே வேண்டாம் என்று சபைக் கமிட்டி தீர்மானம் போட்டுவிடுகிறது, அதை மீறிச் சான்சலர் லேசில் கொடுப்பதில்லை. அது நியாயம்தான், நாளைக்கே இறந்துபோகிற ஒருவருக்கு இடம் இல்லாமல் எனக்காக ஒன்றைக் காலியாகப் போட்டு வைப்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் நாற்பத்தொரு வருடம் கூட இருந்தவர் பக்கத்தில்தானே கேட்கிறேன். நம் கமிட்டி இன்னும் அப்படித் தீர்மானிக்கவில்லை, அதனால்தான் இந்த அவசரம்.

சாம்பலாக்கினால் அப்பா கல்லறையிலேயே வைக்கலாம் என்று நீ ஒருமுறை சொன்னாய். அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் எனக்கு மனசு வரவில்லை மகளே, என்னை மண்ணில்தான் வைக்கவேண்டும்.

கல்லில் தமிழில் ஒரு வசனம் வேண்டும். 2020-ல் கவென்ட்ரி பக்கம் ஒரு குடும்பம் தங்கள் அம்மா கல்லறையில் ஐரிஷ் மொழி வாசகம் மட்டும் போடக் கேட்டு, ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் கூடாது என்று சபை நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர்கள் விடாமல் மேல்முறையீடு செய்து 2021-ல் ஜெயித்தார்கள். உனக்கும் யாராவது முடியாது என்றால் அதை ஞாபகப்படுத்து.

மனு போட்டதும் என் பெயரோடு 28 நாள் ஆலயத்தில் அறிவிப்பு தொங்கும், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம். பார்த்துப் பயந்துவிடாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மனுவோடு வைக்கும் வரைபடத்தில் இடத்தைச் சரியாகக் குறிக்கவேண்டும், நான் குடையால் அளந்து பார்த்தேன், சரிவரவில்லை. அடுத்த சனிக்கிழமை வரும்போது நீளமான டேப் ஒன்று கொண்டு வா.

அம்மா