காசைக் கெடுப்பது கையா, உறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்காசு சேகரிப்போருக்காகத் தங்கள் இதழில் வெளிவந்த குறிப்பில், எந்தக் காசையும் வெறுங்கையால் தொடக் கூடாது, வாங்கிய உடனே பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டிருந்தது. எல்லாக் காசுக்கும் இந்த விதியைப் பொருத்துவது சரியல்ல. அதைவிட, நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் உறைகள் எதனால் ஆனவை என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததை அக்குறிப்பின் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

புழக்கத்துக்கே வராத காசும், கண்ணாடிப் பளபளப்போடு அடிக்கப்படும் ப்ரூஃப் காசும் கை படக் கூடாதவைதான்; இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விரலில் இருக்கும் உப்பும் எண்ணெய்ப் பசையும் செம்பில் பதிந்தால், நாளடைவில் ரேகை அப்படியே பழுப்பாக ஊறிவிடும். பிறகு துடைத்தாலும் போகாது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் சேகரிப்பது அத்தகைய காசுகளை அல்ல.

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசை எடுத்துக்கொள்வோம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அந்தச் செப்புக் காசின் ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு தானமாகக் கொடுக்கப்பட்டு, சுருக்குப் பைக்கும் சந்தைக்கும் போய், எத்தனையோ கை மாறித் தேய்ந்த காசு அது. கழுவி உலர்த்திய கையால் விளிம்பைப் பிடித்து, கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால்தான் தேய்ந்த எழுத்து மேலெழுந்து தெரியும். காசை நடுவில் வைத்து ஸ்டேப்ளர் அடித்த அட்டை உறைக்குள் தெரிவது ஒரு பழுப்பு வட்டம் மட்டுமே.

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். விக்டோரியா காலம் தொட்டு 1939 வரை வெளிவந்த ரூபாயில் வெள்ளி 91.7 விழுக்காடு, எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தபோதும் எடையை மாற்றவில்லை; போலியைத் தடுக்க விளிம்பில் ஒரு பள்ளத்தையும் அதற்குள் சிறு வேலைப்பாட்டையும் சேர்த்தார்கள். போலிகள் மலிந்துள்ள 1939 ரூபாயை வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மன்னரின் முகத்தை அல்ல, விளிம்பை, அடுத்தது எடையை. வார்ப்புப் போலியாக இருந்தால் விளிம்பைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடோ, அதை அரத்தால் ராவிய தடமோ நகத்தில் தட்டுப்படும். நகைக் கடைக்காரர்கள் ரூபாயைச் சுண்டிப் பார்த்ததும் இப்படி ஒரு சோதனைதான் (நல்ல நிலையில் உள்ள காசைச் சுண்டிக் கீழே போட்டு விளிம்பை நசுக்கிவிட வேண்டாம்). நல்ல காசுகள் சிலவற்றையாவது கையில் எடுத்துப் பழகாதவருக்கு, உறையோடு நீட்டப்படும் போலியை அடையாளம் காண வழியே இல்லை.

இனி உறைக்கு வருகிறேன். தொட்டால் மென்மையாகவும், மடக்கினால் மடங்குவதாகவும், புது ரெக்சின் வாசம் வீசுவதாகவும் உள்ள மலிவான உறைகள் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை. வெயிலிலும் புழுக்கத்திலும் அது மெல்லச் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கசியவிடும். வளைந்து கொடுப்பதற்காக அதில் சேர்த்த எண்ணெய்ப் பொருளும் கூடவே வெளியேறும். முதலில் எழுத்துகளின் ஓரத்தில் வெளிர்பச்சைப் பிசுபிசுப்பு, பிறகு குண்டூசி முனை அளவில் புள்ளிகள், கடைசியில் குழி. அண்மையில் ஒரு நண்பரின் ஆல்பத்தில், யார் கையும் படாமல் வைத்திருந்த 1957-ஆம் ஆண்டு ஒரு நயா பைசாக்கள் பக்கம் பக்கமாகப் பச்சை பூத்திருந்ததைப் பார்த்தேன். பசை மட்டும் படிந்த நிலையில் கலப்பில்லாத அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்தால் காசு தப்பும். வாசனை சேர்த்த நகப்பூச்சு நீக்கி உதவாது, அடுப்பருகே அசிட்டோன் பாட்டிலைத் திறக்கவும் கூடாது. குழி விழுந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை.

உறையைச் சோதிப்பது கடினமல்ல. செம்புக் கம்பியை நன்றாகச் சூடாக்கி உறையில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டினால், பி.வி.சி.யாக இருந்தால் சுடர் பச்சையாக எரியும். புகை நல்லதல்ல என்பதால் இதை வெட்டவெளியில் செய்ய வேண்டும். மைலார் என்னும் பாலியஸ்டர் உறையும் கெட்டியான அக்ரிலிக் சிமிழும் இந்தத் தொல்லை தராதவை. மைலார் விறைப்பானது என்பதால் காசை அதில் உரசித் தள்ளாமல் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1986-இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., மறு ஆண்டு தொடங்கிய என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் காசை 70 புள்ளி அளவுகோலில் மதிப்பிட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. விலையுயர்ந்த காசை விற்கவும் வாங்கவும் அது பயன்படும். எளிதில் கிடைக்கும் ராஜராஜன் செப்புக்காசுக்கு, காசின் விலையைவிடக் கூடுதலாகச் செலவழித்து அப்படிப் பெட்டி கட்டுவது எனக்கு விளங்காத காரியம். மண்ணிலிருந்து எடுத்த செம்பில் குளோரைடு உப்பு தங்கியிருந்தால், ஈரம் பட்டதும் அது வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தைத் தின்னத் தொடங்கும். பத்திரமாக மூடிவிட்டோம் என்று பல ஆண்டுகள் திறக்காமலே இருப்பவர் கவனிப்பதற்குள், நிற்கும் ராஜராஜனின் கால் போயிருக்கும். சாதவாகனரின் ஈயக் காசுகளுக்கோ அட்டையும் சிலவகை மரப்பெட்டிகளுமே எதிரி. அவற்றிலிருந்து எழும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும்.

கையைக் குறை சொல்ல வேண்டுமானால், செப்புக்காசுக்குப் புளியும் வெள்ளிக்கு விபூதியும் போட்டு மினுக்கும் கையைச் சொல்லலாம். விளிம்பைப் பிடித்துப் பார்க்கும் கையை அல்ல.

தாங்கள் அடுத்து இது குறித்து வெளியிடும்போது, எந்த உலோகத்துக்கு எந்த உறை என்பதைத் தனித்தனியே குறிப்பிட்டால் நலம். உறையும் ஆல்பமும் விற்போர், அது எந்தப் பிளாஸ்டிக் என்பதை அட்டையிலேயே அச்சிட வேண்டும் என்ற கோரிக்கையையும் தங்கள் இதழ் வழியாக முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புதுக்கோட்டை