மழைக்கால நிகழ்ச்சிகள் இணையவழியில்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டிலும் ஓவியத்திலும் பிள்ளைகள் பரிசுகளோடு வந்திருக்கிறார்கள். அறிவியல் கண்காட்சிக்கு வந்து ஊக்கம் தந்த அனைவருக்கும் நன்றி.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. வைகையில் தண்ணீர் கூடினால் யானைக்கல் தரைப்பாலத்தை அடைத்துவிடுகிறார்கள், ஏ.வி. பாலத்திலும் கோரிப்பாளையத்திலும் வண்டிகள் நகர்வதே இல்லை. சின்னப் பிள்ளைகளோடு அந்த நெரிசலில் நீங்கள் வர வேண்டாம் என்று, நவம்பர் முதல் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தையும் நவம்பர் 14 குழந்தைகள் தின விழாவையும் வகுப்புவாரியாக ஜூமில் நடத்துகிறோம். திருப்பூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்ப்பவர்களும் கலந்துகொள்ளலாம். மீனாட்சி திருக்கல்யாணத்தையே 2020-ல் வீட்டில் இருந்தபடி பார்த்தவர்கள்தானே நாம்.

பள்ளியிடம் இருப்பது ஜூமின் கட்டணமில்லாக் கணக்கு. 40 நிமிடம் ஆனதும் கூட்டம் தானாகவே நின்றுவிடும். தாமதமாக வரும் ஒவ்வொருவரையும் உள்ளே விட ஆசிரியர் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கிறது. சென்ற கூட்டத்தில் பாதி நேரம் இதிலேயே போனது. இம்முறை 10 நிமிடத்துக்குப் பிறகு யாரையும் சேர்க்க இயலாது. உள்ளே வரும்முன் பெயர் கேட்கும் இடத்தில் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் தட்டச்சு செய்யுங்கள். போனின் மாடல் பெயர் மட்டும் தெரிந்தால், வந்திருப்பது யார் என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

ஒரே அறையில் அப்பா ஒரு போன், அம்மா ஒரு போன் என்று இணைந்தால் ஒன்றின் ஸ்பீக்கர் ஒலி மற்றதன் மைக்கில் ஏறி வீரிடும். ஒரு போன் போதும். பேசாத நேரத்தில் மைக் அணைந்திருக்கட்டும். கேமராவையும் அணைத்தால் டேட்டா மிச்சமாகும். மதிப்பெண் பற்றிய கேள்விகளைப் பொதுவில் கேட்க வேண்டாம்; வகுப்பாசிரியர் தனியே போனில் அழைப்பார்.

விழாவில் நேரலைக் குழுப்பாட்டு கிடையாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒலி வந்துசேரும் நேரம் வேறுபடுவதால் தாளம் சிதறிவிடும். பிள்ளை பாடுவதையோ ஆடுவதையோ 2 நிமிடத்துக்குள் பதிவு செய்து நவம்பர் 7-க்குள் அனுப்புங்கள். போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். ஜன்னல் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் குரலை அமுக்குகிறது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும்; டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

இனி எழுதுவதைத் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். சென்ற கூட்டத்தின் லிங்க் உறவினர் குழுக்களுக்கும் போயிருக்கிறது. ஒரு மாணவி ஆடியதை யாரோ பதிவு செய்து ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டாருக்கு அது தெரிந்ததே வேறொருவர் சொல்லித்தான். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அதற்குள் சேமித்துக்கொண்டவர் கையில் அது இருக்கிறதே! ஆசையில் செய்ததாகவே இருக்கட்டும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் முகத்தை வெளியே அனுப்ப நமக்கு உரிமை இல்லை.

ஜூமின் பதிவு வசதியை ஆசிரியர் அடைத்துவைப்பார். ஆனால் உங்கள் போனிலேயே இருக்கும் ஸ்கிரீன் ரெக்கார்டரைத் தடுக்க எங்களால் முடியாது. அது உங்கள் கையில்தான் இருக்கிறது. லிங்கை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள், பதிவு செய்யாதீர்கள். மீறியது தெரிந்தால் அந்த வீட்டுக்கு அடுத்த நிகழ்ச்சிகளின் லிங்க் அனுப்பப்படாது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை. உங்கள் பிள்ளையின் வீடியோ உங்களிடமே இருக்கிறது. அதை யாருக்குக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம்.

பெரும்பாலான வீடுகளில் இந்த ஒழுங்கை ஏற்கெனவே கடைப்பிடிக்கிறீர்கள் என்பதை அறிவோம். வேலைக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி இணையும் உங்களுக்கு ஆசிரியர்கள் அனைவர் சார்பிலும் மனமார்ந்த நன்றி. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களும், அன்று மின்தடை அறிவிக்கப்பட்டிருக்கும் பகுதியில் இருப்பவர்களும் முந்தைய நாளே பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்புங்கள். வேறொரு நாளில் பள்ளியில் நேரில் பேசலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
மதுரை