மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

நலம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? நீ அனுப்பிய அப்பளக்கட்டு பாதி நொறுங்கி வந்து சேர்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போனதும் மார்பகப் புற்றுநோய் மரபணு ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தேனே, அங்கிருந்து போன வாரம் போன். "உங்க மாதிரியில ஒண்ணு தெரியவந்திருக்கு மேடம். தெரிஞ்சுக்க விரும்புறீங்களா?" என்னவென்று கேட்டால் அந்தப் பெண் சொல்லவில்லை. நேரில்தான் சொல்வார்களாம். அதுவும் புதிதாக ரத்தம் எடுத்து உறுதி செய்த பிறகுதான். சரி என்றேன்.

அண்ணன்தான் குதிக்கிறான். "காயத்ரிக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இதைக் கிளறாதே. உனக்கு இருந்தால் எனக்கும் இருக்கு என்று ஊர் சொல்லும்." எரிச்சல் என்னவென்றால், பாதி நிஜம். புற்றுநோய் தரும் மரபணு மாற்றமாக இருந்து, அது அம்மா வழியில் வந்ததென்றால் அவனுக்கும் சரிபாதி வாய்ப்பு. அவனுக்கு இருந்தால் அவன் மகள் காயத்ரிக்கும் சரிபாதி. ஆண்பிள்ளை வழியாகவும் இறங்கும் என்றால் நம்பவே மாட்டேன் என்கிறான்.

ஐஸ்லாந்தில் இந்தச் சண்டை நாட்டளவில் நடந்திருக்கிறது, தெரியுமா? பிஆர்சிஏ2 என்று ஒரு மரபணு, அது பழுதானால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அதில் ஐந்து டிஎன்ஏ எழுத்து விடுபட்டவர்கள் அங்கே பலர். டீகோட் என்ற அந்த ஊர் மரபணு ஆய்வு நிறுவனத்திடம் மரபணுத் தகவலோடு வம்சாவளிப் பதிவும் இருந்ததால், ரத்தமே கொடுக்காதவர்களைக்கூடக் கணிக்க முடிந்தது. சொல்லியே ஆகவேண்டும் என்று அதை நிறுவிய காரி ஸ்டெஃபான்சன் மல்லுக்கட்டினார். கேட்காதவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று அரசு இழுத்தது. கடைசியில் 2018இல், வேண்டுமென்பவர் இணையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று வந்து நின்றது. 2023இல் டீகோட் ஆட்களே வெளியிட்ட கணக்கைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. பிஆர்சிஏ2இல் புற்றுநோய் தரும் மாற்றம் உள்ளவர்களின் ஆயுள் மற்றவர்களைவிட 7 வருஷம் குறைவாம். முன்பே தெரிந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் வருஷாவருஷம் ஸ்கேன் எடுத்துப் பிழைத்திருப்பார்களோ!

அண்ணன் தனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் வேலைக்குப் போகிற பெண் காயத்ரி. அவளுக்கும் சேர்த்து வேண்டாமென்று சொல்ல இவன் யார்? அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல நான் மட்டும் யார்? ராத்திரியெல்லாம் இதே யோசனை.

வருகிற செவ்வாய் போகிறேன். நீ திங்களே வந்துவிடு. உன் வாய்க்குத்தான் அவன் அடங்குவான். பஸ் வேண்டாம், உன் முதுகுவலிக்கு ரயில்தான் நல்லது. டிக்கெட் நான் போடுகிறேன், எந்த வண்டி என்று மட்டும் சொல்.

அன்புடன்,
வசந்தி