செயலாளரின் ஆண்டறிக்கை: எம்ஆர்டியில் போய், பழைய ரயில் பாதையில் ஒரு நாள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். நம் சைக்கிள் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. ஞாயிறு காலைகளில் பூங்கா இணைப்புப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது, மழை பெய்த நாள்கள் நீங்கலாக, தொடர்ந்து நடந்தது. பஞ்சர் ஒட்டவும் கழன்ற செயினை மாட்டவும் கற்றுத்தந்த பட்டறைக்குப் பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள். பொங்கல் ஒன்றுகூடல் நன்றாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார்.

இனி, இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் எனக்கு மிகவும் நிறைவு தந்த ஒன்றுக்கு வருகிறேன். சிங்கப்பூரின் எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் சைக்கிளோடு ஹில்வியூ நிலையம் வரை போய், அங்கிருந்து பழைய ரயில் தடமான ரயில் காரிடாரில் தெற்கே ஓட்டிய ஒருநாள் பயணம் அது. இதைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் உண்டு. அறிக்கையின் முடிவில் வரும் தீர்மானம் இந்தப் பயணத்திலிருந்து பிறந்தது.

லாரி வைத்து சைக்கிள்களை ஏற்றிப் போகலாம் என்ற யோசனையும் செயற்குழுவில் வந்தது. ரயிலில்தான் போக வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். மடிக்கும் சைக்கிளை எம்ஆர்டியில் நாள் முழுதும் கொண்டுபோகலாம். மடித்த பிறகு 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிலையத்துக்குள்ளும் வண்டிக்குள்ளும் அதை விரிக்கக் கூடாது. மடிக்கும் சைக்கிள் இல்லாதவர்கள் ஹில்வியூவில் இறங்கி வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டார்கள். இப்படிப் போனதால், கார் இல்லாதவர்களும், வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் மிதிக்க முடியாத மூத்தவர்களும் வர முடிந்தது. வழக்கமான ஞாயிறு சவாரிகளில் நாம் பார்த்தே இராத சில முகங்களை அன்று பார்த்தோம்.

இந்தப் பாதையின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் ரயில் 1903-இல் ஓடத் தொடங்கியது. அன்றைய முனையம் டேங்க் ரோட்டில், நம் தண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே சாலையில் இருந்தது. 1932-இல் பாதையை மாற்றி, தஞ்சோங் பகாரில் பெரிய நிலையத்தைத் திறந்தார்கள். நிலமும் தண்டவாளமும் மலேசிய ரயில்வேயின் கையில் இருந்தன. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்டது. ஓட்டியவர் ஜொகூர் சுல்தான். மறுநாள் நிலம் சிங்கப்பூருக்கு வந்தது. தண்டவாளங்களில் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டு மலேசியாவுக்குப் போனது. மிஞ்சிய 24 கிலோமீட்டர் தடம்தான் இன்றைய ரயில் காரிடார்.

பழைய ரயில் பாதையில் சைக்கிள் ஓட்டுவது ஏன் இவ்வளவு சுகம் என்று அன்று எல்லாரும் கேட்டார்கள். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் செங்குத்தான மேடு ஏறாது, வழுக்கும். அதனால் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை மண் போட்டு நிரப்பினார்கள், வளைவுகளையும் நீளமாக, மெல்ல வளையும்படி விட்டார்கள். பக்கத்திலேயே 163 மீட்டருக்கு புக்கிட் தீமா குன்று நிற்கிறது. ஆனால் நம் முழங்காலுக்கு அது தெரியவே இல்லை. இருபுறமும் மண் உயர்ந்து, மரங்கள் மேலே கூடும் இடத்தில் வெயிலும் சட்டென்று குறைந்துவிடும். ஹில்வியூவிலிருந்து புக்கிட் தீமா நிலையம் வரையிலான 4 கிலோமீட்டரில் யாருக்கும் மூச்சு வாங்கவில்லை.

ஒழுங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நடப்பவர்களுக்கும் சேர்த்து உள்ள பாதை. இரும்புப் பாலங்களில் எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டே போனோம். குரங்குகள் உள்ள பகுதியில் யாரும் தின்பண்டப் பையைத் திறக்கவில்லை. பிள்ளைகள் அதைப் பெரியவர்களைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். முந்தைய இரவு மழை என்பதால் சில இடங்களில் சேறு. மட்கார்டு இல்லாத சைக்கிள்காரர்களின் முதுகே அதற்குச் சாட்சி.

புக்கிட் தீமா நிலையத்தில் வெகுநேரம் நின்றுவிட்டோம். மேடை, பெயர்ப்பலகை, சிறிது தூரத்துக்கு அசல் தண்டவாளம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் அப்பா மலாயா ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்தவர். அங்கே சாவி மாற்றுவது எப்படி என்று ஐயா நடித்தே காட்டினார். அது ஒற்றைத் தடம். எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அடையாளச் சாவி உண்டு. சாவி கையில் இருக்கும் ரயில்தான் அந்தப் பிரிவுக்குள் போகலாம். ஒரு வளையத்தில் கோத்த சாவியை மேடையில் நிற்பவர் நீட்டுவார், ஓடும் எஞ்சினிலிருந்து ஓட்டுநர் கையை விட்டு அதை வாங்கிக்கொள்வார். ஐயா ஒரு பிள்ளையின் சைக்கிள் பூட்டுக் கம்பியை வளையமாக்கி நீட்டிக்கொண்டு நிற்க, பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓடிவந்து அதில் கையை நுழைத்து வாங்கினார்கள். முழங்கையை மடக்காமல் நீட்டினால் தோள் கழன்றுவிடும் என்று அவர் திருத்திக்கொண்டே இருந்தார். ரயில் ஓடிய காலத்தைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

முன்னதாக, வழியில் பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்கும் போய்வந்தோம். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தது அங்கேதான். பிறகு ஜப்பானியர் போர்க்கைதிகளைச் சரக்கு வண்டிகளில் அடைத்து, இதே தடத்தின் வழியாக சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட அனுப்பினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்கள் பல்லாயிரம் பேரை அந்த சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனதை வீட்டுப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டவர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். அன்று அவர்கள் பேசினார்கள். பேசியதை இங்கே எழுதவில்லை. அவர்கள் விரும்பினால் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பயணத்தை தங்ளின் ஹால்ட்டில் முடித்தோம். அந்தப் பெயரே அங்கு ரயில் நின்ற இடத்தால் வந்தது. அங்கிருந்து காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் பக்கம்தான். 1930-களில் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தின் ஓரத்தில் ரயில்வேத் தொழிலாளர்கள் வைத்து வணங்கிய சாமி அது. பிற்காலத்தில் இப்போதைய இடத்துக்கு வந்து, தென்கிழக்காசியாவின் பெரிய முனீஸ்வரன் கோயில்களில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. தண்டவாளம் போய்விட்டது, தண்டவாளக்காரர்களின் சாமி இருக்கிறார். ரயில் காரிடாரில் ஓட்டும் தமிழர்கள் இந்தக் கோயிலைப் பார்க்காமல் வீடு திரும்பக் கூடாது என்றே நான் சொல்வேன். சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, வாடகை சைக்கிள்களை நிறுத்துமிடத்தின் மஞ்சள் கோட்டுக்குள் விட்டு அங்குள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துவிட்டு, எம்ஆர்டி ஏறினோம்.

அப்புறம், தீர்மானம். மடிக்கும் சைக்கிள் சொந்தமாக வாங்க எல்லாராலும் முடியாது. வாடகை சைக்கிளின் இருக்கை உயரமும் எடையும் மூத்தவர்களுக்கும் சிறுவர்களுக்கும் சிரமம் என்பதை அன்று கண்ணால் பார்த்தோம். ஆகவே, சங்க நிதியிலிருந்து சில மடிக்கும் சைக்கிள்களை வாங்கி உறுப்பினர்களுக்கு இரவல் தரவும், இந்த ரயில் பயணத்தை ஆண்டுதோறும் நடத்தவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. எங்கே வைப்பது, யார் பராமரிப்பது என்பதையும் இன்றே பேசி முடிவு செய்துவிடலாம்.

வழிநடத்திய தொண்டர்களுக்கும், கடைசி ஆள் வந்து சேரும்வரை பின்னாலேயே மெதுவாக ஓட்டிவந்த இரு சகோதரிகளுக்கும், சாவி மாற்றிக் காட்டிய ஐயாவுக்கும் சங்கத்தின் நன்றி. அறிக்கையை ஏற்று, தீர்மானத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.

செயலாளர்